கூடமும் கோணலாக இருக்கலாம்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்றொரு பழமொழி நம்மிடையே உண்டு. தோற்றுவிட்டு வந்து காரணம் சொல்லத் தொடங்குகிறவன் வாயை அடைக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. நம் கல்லூரி மைதானத்தில் மாலை வேளைகளில் இந்தப் பழமொழியின் பல வடிவங்களைக் கேட்கலாம். பதினொருவரில் இடம் கிடைக்காத ஒருவன், "இடது பக்க ஓரம் காலியாவே கிடக்குதே, யாராவது அங்க போகக் கூடாதா?" என்று கேட்டுவிட்டால் போதும். "முதல்ல நீ ரெண்டு கோல் அடிச்சுட்டு வா, அப்புறம் யோசனை சொல்லலாம்" என்று பதில் வரும். சிரிப்பும் எழும். கேட்டவன் அதன் பிறகு வாய் திறக்க மாட்டான். ஆனால் நண்பர்களே, இடது பக்க ஓரம் காலியாகத்தானே கிடந்தது?

சுமாராக ஆடுகிறவன் சொல்கிற யோசனையும் சுமாராகத்தான் இருக்கும் என்ற எண்ணம் நம் எல்லோர் மனத்திலும் ஊறிப் போயிருக்கிறது. விளையாட்டில் மட்டுமல்ல, வகுப்பறையிலும் அப்படியே. முதல் மதிப்பெண் வாங்கியவன் கேட்கும் கேள்விக்கு ஒரு மரியாதை. இரண்டாம் வகுப்பில் தேறியவன் கேட்கும் அதே கேள்விக்கு வேறு மரியாதை. இந்த எண்ணம் சரியல்ல என்பது என் கட்சி. அதற்குச் சாட்சியாக ஒரு மனிதரின் வாழ்க்கையை இங்கே வைக்க விரும்புகிறேன். அவர் பெயர் ஹெர்பர்ட் சாப்மன். இங்கிலாந்துக்காரர். ஆர்சனல் என்ற லண்டன் கால்பந்துக் கழகத்தின் பெயர் இன்று நம் ஊர்ப் பையன்களின் சட்டை முதுகில்கூட இருக்கிறது. அந்தப் பெயருக்குப் புகழ் தேடித் தந்தவர் இவர்தான் என்பது அந்தச் சட்டை போட்டவர்களில் பலருக்குத் தெரியாது.

சாப்மனை ஆடத் தெரியாதவர் என்று சொன்னால் அது அநியாயம். சுமாராக ஆடத் தெரிந்தவர். கூடம் கோணல் என்று சொன்னார். பிறகு கூடத்தை இடித்துக் கட்டியும் காட்டினார்.

அவர் பிறந்தது 1878 சனவரி 19ஆம் நாள், யார்க்ஷயரில் ஷெஃபீல்டு நகருக்கு அருகே கிவட்டன் பார்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில். தந்தை சுரங்கத் தொழிலாளி, படிப்பு வாய்க்காதவர். பிள்ளைகள் பலர். அந்த ஊரில் பிறந்த பையன் வளர்ந்தால் எங்கே போவான் என்று யாரும் சோதிடம் பார்க்க வேண்டியதில்லை, பூமிக்குள்ளேதான் போவான். சாப்மனும் சுரங்கத்தை விட்டு விலகவில்லை. ஆனால் ஷெஃபீல்டு தொழில்நுட்பக் கல்லூரியில் சுரங்கப் பொறியியல் படித்தார். அப்பா கரி வெட்டிய தொழிலில் மகன் கணக்கும் வரைபடமும் கற்றுக்கொண்டு நுழைய நினைத்தார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே, உண்மையைச் சொன்னால், சாப்மன் அடித்த கோல்களைவிட இந்தப் படிப்புதான் என்னை அவர் பக்கம் இழுத்தது.

அவர் அடித்த கோல்கள் அப்படியொன்றும் அதிகமில்லை. இன்சைடு ரைட் எனப்படும் முன்னணி ஆட்டக்காரர் அவர். ஆடிய ஊர்களின் பட்டியலைப் படித்தால் நம் ஊர்ப் பேருந்தின் வழித்தடப் பலகை போல இருக்கும்: ஸ்டேலிபிரிட்ஜ், ராச்டேல், கிரிம்ஸ்பி, ஸ்விண்டன், ஷெப்பி, வொர்க்சாப், நார்தாம்ப்டன், ஷெஃபீல்டு யுனைடெட், நாட்ஸ் கவுண்டி, மறுபடியும் நார்தாம்ப்டன், கடைசியாக லண்டனில் டாட்டன்ஹாம். எங்கும் நிலைத்து நின்றதில்லை. ஒரு பருவம், மிஞ்சினால் இரண்டு பருவம். சில இடங்களில் ஊதியத்துக்கு ஆடினார். சில இடங்களில் ஊதியம் வாங்காத அமெச்சூராக ஆடினார். 'பந்து சோறு போடுமா?' என்ற கேள்வி நம் வீடுகளில் மட்டும் கேட்கப்படுவதல்ல. 1901இல் இங்கிலாந்து லீக் கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு வாரம் நான்கு பவுனுக்கு மேல் தரக் கூடாதென்று உச்சவரம்பே கட்டிவிட்டார்கள். சாப்மன் போகும் ஊரிலெல்லாம் பந்தோடு ஒரு வேலையும் தேடினார். வேலை கிடைக்காத ஊரில் பந்தும் அதிக நாள் உருளவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவருக்கு ஹாரி என்று ஒரு தம்பி. அவரும் அதே இன்சைடு ரைட் இடத்தில் ஆடியவர். 1902-03 பருவத்தில் அண்ணன் ஷெஃபீல்டு யுனைடெட்டில். தம்பி அதே ஊரின் எதிரிக் கழகமான ஷெஃபீல்டு வெட்னஸ்டேயில். அந்த ஆண்டு லீக் பட்டத்தை வென்றது வெட்னஸ்டே. அடுத்த ஆண்டும் அவர்களே. 1907இல் எஃப்.ஏ. கோப்பையும் தம்பி கைக்கு வந்தது. அண்ணன் அதற்குள் யுனைடெட்டை விட்டுப் போய், நாட்ஸ் கவுண்டியிலும் சோபிக்காமல், தம்பியின் பதக்கங்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்துக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில், ஒரே ஆட்டத்தில், ஒரே இடத்தில் நின்று ஆடிய இரண்டு பேரில் ஒருவருக்குப் பந்து சொன்னபடி கேட்டது, இன்னொருவருக்குக் கேட்கவில்லை. அன்று யாரிடமாவது போய், "இவர்களில் ஒருவர் நாட்டின் கால்பந்தையே மாற்றப் போகிறார், யாரென்று சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால் நூற்றுக்கு நூறு பேரும் ஹாரியைத்தான் கைகாட்டியிருப்பார்கள். ஹாரியும் பின்னால் ஹல் நகரக் கழகத்தில் கொஞ்ச காலம் மானேஜராக இருந்தார். காசநோய் அவரை 1916இல் கொண்டுபோயிற்று. எனவே அண்ணன் தம்பிப் போட்டியை இங்கே மேலும் இழுப்பது முறையல்ல.

டாட்டன்ஹாமில் சாப்மன் மஞ்சள் நிறக் காலணி அணிந்து ஆடினார் என்பார்கள். கறுப்புக் காலணிகளுக்கு நடுவே அந்த மஞ்சள், கூட்டாளிகள் கண்ணில் உடனே படுமாம். பகட்டு என்று சிலர் எண்ணியிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பந்தை வைத்திருக்கிறவனுக்கு அரை நொடியில் தன் ஆள் எங்கே நிற்கிறான் என்று தெரிய வேண்டும். அதற்கு என்ன வழி என்று யோசித்த மூளை அது. இருபது ஆண்டுகள் கழித்து அதே மூளைதான் ஆட்டக்காரர்களின் முதுகில் எண் எழுதச் சொன்னது.

1907இல் அவருக்கு வயது 29. ஆட்டத்தை விட்டுவிட்டுச் சுரங்கப் பொறியியலுக்கே திரும்புவதென்று முடிவு கட்டியிருந்தார். அப்போது டாட்டன்ஹாம் கூட்டாளியான வால்டர் புல் என்பவருக்கு நார்தாம்ப்டன் கழகம் மானேஜர் பதவி தர முன்வந்தது. புல்லுக்கு விருப்பமில்லை, சாப்மனைக் கேட்டுப் பாருங்கள் என்றார். சாப்மன் மானேஜர் ஆனது இவ்வளவு தற்செயலாகத்தான். சதர்ன் லீக்கில் கடைசி இடத்தில் கிடந்த கழகம் அது. சிறந்த ஆட்டக்காரரைத் தேடிப் போகும் வசதி அதற்கு இல்லை என்பதும் அவருக்கு நல்லதாயிற்று.

அங்கே அவர் கண்ட கோணல் என்ன? அந்தக் காலத்து ஆட்டத்தில் திட்டம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பதினொரு பேர் இறங்குவார்கள். அவரவர் திறமையை அவரவர் காட்டுவார்கள். திறமைசாலிகள் அதிகமுள்ள பக்கம் வெல்லும். ஐந்து முன்னணி ஆட்டக்காரர்களும் எதிரியின் கோல் முன்னால் போய் மொய்ப்பார்கள். மொய்க்க மொய்க்க எதிரணியும் அங்கேயே குவியும். அடிக்க இடம் இருக்காது. சாப்மன் தம் ஆட்களைக் கொஞ்சம் பின்னால் வரச் சொன்னார். எதிரணி நம்பி வெளியே வந்தது. வந்ததும் அதன் முதுகுக்குப் பின்னால் வெட்டவெளி கிடைத்தது. பிறவியிலேயே திறமை வாய்த்த ஆட்டக்காரனுக்கு இது தோன்றியிருக்குமா என்பது ஐயம்தான். இரண்டு பேரை ஏமாற்றிவிட்டுப் போகத் தெரிந்தவனுக்கு இடம் எதற்கு? இடம் இல்லாமல் திணறியவனுக்குத்தான் இடத்தின் அருமை தெரியும். இரண்டே ஆண்டுகளில், 1908-09 பருவத்தில், நார்தாம்ப்டன் சதர்ன் லீக் பட்டத்தை வென்றது.

இங்கே ஓர் எதிர்வாதத்துக்கு விடை சொல்லியாக வேண்டும். பத்துக் கழகங்களில் தடுமாறியவர்கள் அந்த நாட்டில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். அவர்களெல்லாம் சாப்மன் ஆனார்களா என்று கேட்கலாம். ஆகவில்லை. தோல்வி யாருக்கும் தானாக எதையும் கற்றுத் தராது. அப்படித் தருமென்றால் அரியர் வைத்த நம் நண்பர்கள் அனைவரும் இந்நேரம் பேராசிரியர்களாகியிருப்பார்கள்! சாப்மனிடம் வேறொன்று இருந்தது. சுரங்கத்தில் ஒரு தூண் தவறான இடத்தில் நின்றால் கூரை விழும். தூணைத் திட்டிப் பயனில்லை, வரைபடத்தைத்தான் திருத்த வேண்டும். அந்தப் படிப்பை அவர் மைதானத்துக்குக் கொண்டுவந்தார் என்றே நான் நினைக்கிறேன். ஆட்டக்காரனைத் திட்டுவதற்கு முன்னால் அவன் நிற்கும் இடம் சரிதானா என்று பார்த்தார்.

1912இல் லீட்ஸ் சிட்டி கழகத்துக்குப் போனார். தள்ளாடிக்கொண்டிருந்த அணியை இரண்டாம் டிவிஷனில் நான்காம் இடம் வரை ஏற்றினார். அதற்குள் உலகப் போர் வந்துவிட்டது. 1916இல் பார்ன்போ என்ற இடத்து வெடிமருந்துத் தொழிற்சாலையில் நிர்வாகப் பணிக்குப் போனார். போர்க் காலத்தில் லீட்ஸ் சிட்டி தன் ஆட்டக்காரர்களுக்கு விதிக்குப் புறம்பாகப் பணம் கொடுத்தது என்று பின்னால் குற்றச்சாட்டு எழுந்தது. கணக்குப் புத்தகங்களைக் காட்டக் கழகம் மறுத்தது. 1919 அக்டோபரில் லீக்கிலிருந்தே அது துரத்தப்பட்டது. அத்துடன் நிற்கவில்லை. அதே மாதம் 17ஆம் நாள் லீட்ஸ் நகரின் மெட்ரோபோல் ஓட்டலில் அந்தக் கழகத்தின் ஆட்டக்காரர்களை ஏலம் போட்டார்கள். மேசை நாற்காலிகளோடு மனிதர்களுக்கும் விலை கூறினார்கள். இன்று நாம் கிரிக்கெட் ஏலத்தைத் தொலைக்காட்சியில் கைதட்டிப் பார்க்கிறோம். ஏலம் போகிறவர்கள் கோடிகளோடு சிரிக்கிறார்கள். அன்று ஏலம் போனவனுக்கு வார ஊதியம் தவிர வேறொன்றும் கிடையாது. பணம் கழகத்துக்கு. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது மொழிக்குச் செய்கிற அநீதி.

சாப்மனுக்கும் கால்பந்தில் நுழையக் கூடாதென்று தடை விழுந்தது. பணம் கைமாறிய காலத்தில் தாம் வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்ததாக அவர் தரப்பில் முறையீடு செய்யப்பட்டது. 1921இல் தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் அவர் செல்பி என்ற ஊரில் ஓர் எண்ணெய், பிண்ணாக்கு ஆலையில் வேலை பார்த்தார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆட்டக்காரராகப் பதக்கமில்லை, மானேஜராகக் களங்கம் மட்டும் மிச்சம். அந்த ஆலையோடு அவர் கதை முடிந்திருந்தால் நமக்கு அவர் பெயரே தெரிந்திருக்காது.

அவருக்காக வாதாடித் தடையை நீக்கியது ஹட்டர்ஸ்ஃபீல்டு டவுன் என்ற கழகம். அதுவே 1919இல் பணமில்லாமல் ஊரைவிட்டுப் போகவிருந்த கழகம்தான். சாப்மன் வந்த மறு ஆண்டு, 1922இல், எஃப்.ஏ. கோப்பை. 1924இல் லீக் பட்டம். அந்தப் பட்டத்தின் கணக்கை இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்கே எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. கணிதத் துறை நண்பர்கள் சரிபார்த்துக்கொள்ளட்டும். ஹட்டர்ஸ்ஃபீல்டும் கார்டிஃப் சிட்டியும் தலா 57 புள்ளிகள். அந்நாளைய விதிப்படி, அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுக்க வேண்டும். ஹட்டர்ஸ்ஃபீல்டு 60 அடித்து 33 வாங்கியது: 1.818. கார்டிஃப் 61 அடித்து 34 வாங்கியது: 1.794. வித்தியாசம் 0.024. இன்றைய விதிப்படி கழித்துப் பார்த்தால் இருவருக்கும் 27தான் வரும். அதிக கோல் அடித்த கார்டிஃபுக்கே பட்டம் போயிருக்கும். கடைசி ஆட்டத்தில் கார்டிஃபுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அதை அவர்கள் தவறவிட்டார்கள். ஒரு மனிதரின் மேதைமை என்று நாம் எழுதுவதில் இப்படி ஒரு பெனால்டியும் ஒரு வகுத்தலும் ஒளிந்திருக்கின்றன. இதைச் சொல்லாமல் சாப்மனைப் பாராட்டுவது நேர்மையாகாது. 1925இல் மறுபடியும் பட்டம். அதில் வகுத்தல் தேவைப்படவில்லை. 1926இல் மூன்றாவது பட்டமும் ஹட்டர்ஸ்ஃபீல்டுக்கே. அதற்குள் அவர் ஆர்சனலுக்குப் போய்விட்டிருந்தார்.

ஆர்சனல் மானேஜர் வேண்டுமென்று 1925இல் செய்த விளம்பரத்தில், பெரும் பணம் கொடுத்து ஆட்டக்காரர்களை வாங்கும் எண்ணமுள்ளவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து டேவிட் ஜாக் என்பவரை 10,890 பவுனுக்கு, அதுவரை யாரும் கொடுத்திராத விலைக்கு, சாப்மன் வாங்கினார். விளம்பரத்தை அவர் முழுவதும் படிக்கவில்லை போலும்!

அவர் ஆர்சனலுக்கு வந்த அதே கோடையில் ஆப்சைடு விதி மாறியது. அதுவரை முன்னே நிற்கும் ஆட்டக்காரனுக்கும் கோலுக்கும் இடையில் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். இனி இரண்டு பேர் போதும் என்றார்கள். கதவு அகலத் திறந்தது. முதல் டிவிஷனில் 1924-25இல் 462 ஆட்டங்களில் விழுந்த கோல்கள் 1,192. அடுத்த ஆண்டு அதே 462 ஆட்டங்களில் 1,703. ஆட்டத்துக்கு 2.58 என்பது 3.69 ஆயிற்று. தற்காப்பு ஆட்டக்காரர்கள் செய்வதறியாமல் நின்றார்கள். அக்டோபர் 3ஆம் நாள் ஆர்சனலே நியூகாசிலிடம் ஏழு கோல் வாங்கித் தோற்றது.

அன்றைக்கு நடந்ததுதான் என் வாதத்தின் மையம். W-M என்ற ஆட்ட அமைப்பைக் கண்டுபிடித்தவர் சாப்மன் என்று பொதுவாக எழுதுவார்கள். ஆனால் நடுவிலே நிற்கும் சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து, இரண்டு பின்காவலர்களுக்கும் நடுவே நிறுத்துங்கள் என்று விடாமல் வற்புறுத்தியவர் சார்லி புக்கன் என்ற ஆட்டக்காரர். அப்படி ஒருவரைப் பின்னால் இழுத்தால் நடுவில் ஓட்டை விழும். அதை அடைக்க முன்னணியிலிருந்து ஒருவர் இறங்கி வர வேண்டும். யார் வருவது? மூன்றாம் அணியில் ஆடிக்கொண்டிருந்த ஆண்டி நீல் என்பவரைத் தேர்ந்தார்கள். வேகம் போதாத ஆள். ஆனால் வந்த பந்தை அடக்கி, சரியான ஆளுக்குக் கொடுக்கத் தெரிந்தவர். இரண்டு நாள் கழித்து வெஸ்ட் ஹாமை நான்குக்குப் பூஜ்யம் என்று வென்றார்கள். காகிதத்தில் அந்த ஆட்டக்காரர்களைப் புள்ளி வைத்துக் கோடு போட்டால், முன்னே ஆங்கில W எழுத்தும் பின்னே M எழுத்தும் தெரியும். பெயர் அப்படி வந்தது.

இதில் சாப்மனின் பங்கு என்ன? கேட்டார். ஏழு கோல் வாங்கிய அன்று ஓர் ஆட்டக்காரன் மானேஜரிடம் நீர் அணியை நிறுத்தியிருக்கும் விதம் தவறு என்கிறான். மானேஜர் சரி, என்ன செய்யலாம் என்கிறார். இது எளிதென்று நினைக்கிறவர்கள் நம் ஊரில் எந்த அலுவலகத்திலாவது ஒருமுறை முயன்று பார்க்கலாம். வாரந்தோறும் ஆட்டக்காரர்களைக் கூட்டி வைத்து ஆட்டத்தைப் பற்றி அவர்களையே பேச வைத்தவர் அவர். அதற்கு முன்பெல்லாம் மேலே இயக்குநர்கள் தீர்மானிப்பார்கள். ஆட்டக்காரன் வாயை மூடிக்கொண்டு ஆடுவான். பத்துக் கழகங்களில் வாயை மூடிக்கொண்டு ஆடியவருக்குத்தான் அந்த மௌனத்தில் எத்தனை நல்ல யோசனைகள் வீணாகின்றன என்பது தெரியும்.

சிறிய ஊர்க் கழகங்களில் அலைந்தது இன்னொரு வகையிலும் உதவியது. லீக்கிலேயே இல்லாத கழகங்களில் எப்படிப்பட்ட ஆட்கள் கிடப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். தாமே அங்கே கிடந்தவர் அல்லவா? ஆஸ்வெஸ்ட்ரி என்ற சிற்றூர்க் கழகத்திலிருந்து ஹெர்பி ராபர்ட்ஸை 200 பவுனுக்கு அழைத்து வந்தார். அந்தப் பின்னுக்கு இழுக்கப்பட்ட சென்டர் ஹாஃப் இடத்துக்கு நாடே பார்த்துப் பழகும் உதாரணமாக அவர் ஆனார். கெட்டரிங்கிலிருந்து எடி ஹாப்குட்; பால் வண்டி ஓட்டிய பையன், பின்னாளில் இங்கிலாந்து அணியின் தலைவர். கோல் அடிப்பதில் பேர் பெற்ற அலெக்ஸ் ஜேம்ஸை விலைக்கு வாங்கி, நீ அடிக்க வேண்டாம், அடிக்கிறவனுக்குக் கொடு என்றார். ஜேம்ஸுக்கு அது முதலில் பிடிக்கவில்லை. யாருக்குத்தான் பிடிக்கும்? 1930இல் ஆர்சனலுக்கு முதல் எஃப்.ஏ. கோப்பை, இறுதியாட்டத்தில் எதிரே நின்றது அவருடைய பழைய ஹட்டர்ஸ்ஃபீல்டுதான். 1931லும் 1933லும் லீக் பட்டம். முதுகில் எண், இரவு ஆட்டத்துக்கு மின் விளக்கு, வெள்ளைப் பந்து என்று அவர் கேட்டதில் பலவற்றை அன்றைய அதிகாரிகள் மறுத்தார்கள். எண்ணை அவர் 1928இல் எழுதிப் பார்த்தார், 1939இல்தான் விதியாயிற்று. மைதானத்தருகே இருந்த கில்லஸ்பி ரோடு சுரங்க ரயில் நிலையத்தை 1932இல் 'ஆர்சனல்' என்று பெயர் மாற்ற வைத்ததில் மட்டும் உடனடி வெற்றி. கரிச் சுரங்கத்துக்குப் போக வேண்டியவர் ரயில் சுரங்கத்துக்குப் பெயர் வைத்தார்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, எனக்கு உறுத்துகிற ஒன்றையும் எழுதிவிடுகிறேன். 1933 சனவரி 14ஆம் நாள் எஃப்.ஏ. கோப்பையில் மூன்றாம் டிவிஷன் வால்சாலிடம் ஆர்சனல் இரண்டு கோலில் தோற்றது. வழக்கமான ஆட்டக்காரர்களில் சிலருக்கு உடல்நலமில்லை, பதிலாட்கள் இறங்கினார்கள். அவர்களில் டாமி பிளாக் என்ற பின்காவலர் எதிரணி ஆட்டக்காரரை முரட்டுத்தனமாகத் தடுத்ததால் ஒரு பெனால்டி போயிற்று. அவரை மறுபடி ஆர்சனல் மைதானத்துக்குள்ளேயே சாப்மன் விடவில்லை என்பார்கள். ஒரு வாரத்துக்குள் பிளிமத்துக்கு விற்றுவிட்டார். அணியின் மானம், ஒழுங்கு என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் ஊர் ஊராய்த் தள்ளப்பட்டவர், ஒரு நாள் தவறிய பதிலாளுக்கு இரண்டாவது நாள் கொடுக்காதது ஏன்? ஆட்டக்காரன் நிற்கும் இடம் சரிதானா என்று பார்க்கிற கண் அன்று எங்கே போயிற்று? மனிதன் தான் பட்டதை மறப்பது பதவி ஏறும்போதுதான் போலிருக்கிறது. ஆனாலும் இதை வைத்து மற்றதையெல்லாம் தள்ளிவிட முடியாது. இரண்டும் அவரே.

நம் கல்லூரிக்கு வருகிறேன். நம்மிடம் கால்பந்து அணி, கைப்பந்து அணி, கபடி அணி எல்லாம் உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் தேர்வு நடக்கும். இடம் கிடைக்காதவர்கள் அன்றோடு மைதானத்தை மறந்துவிடுவார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேரையாவது அணியோடு வைத்துக்கொண்டால் என்ன? ஆட்டத்தின்போது ஓரத்தில் உட்கார்ந்து, பந்து எந்தப் பக்கம் அதிகம் போயிற்று, யார் எங்கே தனியே விடப்பட்டான் என்று குறிப்பெடுக்கட்டும். ஒரு நோட்டும் பேனாவும் தவிர இதற்குச் செலவில்லை. வாரம் ஒரு நாள் உடற்கல்வி இயக்குநர் முன்னிலையில் பதினொருவரும் அவர்களும் ஒன்றாக உட்காரட்டும். அந்த அரை மணி நேரத்தில் யாரையும் எத்தனை கோல் அடித்தாய் என்று கேட்கக் கூடாது. இது மட்டும் விதி. இதையே ஆய்வுக்கூடத்துக்கும் கொண்டுவரலாம் என்று ஆசைதான். பரிசோதனை சரியாக வராதவன் பக்கத்து மேசையில் முடிவைப் பார்த்து எழுதுவதைவிட, ஏன் வரவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்ல அனுமதித்தால், கருவி பழுது என்பது சில சமயம் தெரியவரும். ஆசிரியப் பெருமக்கள் இதை அதிகப்பிரசங்கித்தனம் என்று எண்ண மாட்டார்கள் என நம்புகிறேன்.

சாப்மனின் கடைசி வாரத்தைச் சொல்லி முடிக்கிறேன். 1934 புத்தாண்டு நாளில், லீக்கில் முதலிடத்தில் இருந்த அணியின் மானேஜர், பரி என்ற ஊருக்குப் போய்ப் பரிக்கும் நாட்ஸ் கவுண்டிக்கும் நடந்த ஆட்டத்தைப் பார்த்தார். நாட்ஸ் கவுண்டி, தாம் ஒரு காலத்தில் சோபிக்காமல் போன கழகம். மறுநாள் ஷெஃபீல்டுக்குப் போய், சனிக்கிழமை தம் அணி சந்திக்கவிருந்த வெட்னஸ்டேயின் ஆட்டத்தைப் பார்த்தார். அது தம்பி பட்டம் வென்ற கழகம். கடும் சளியோடு திரும்பினார். மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னார். கேட்கவில்லை, கில்ஃபோர்டில் ஆர்சனலின் மூன்றாம் அணி ஆடுகிறது, அந்தப் பையன்களைப் பார்க்க வேண்டும் என்று போனார். குளிரில் நின்று ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து படுத்தவர் எழவில்லை. நிமோனியா. சனவரி 6 சனிக்கிழமை விடியுமுன் உயிர் பிரிந்தது. வயது 55. அன்று பிற்பகல் ஆர்சனல் ஷெஃபீல்டு வெட்னஸ்டேயோடு தன் மைதானத்தில் ஆடியது. ஆளுக்கு ஒரு கோல். யாருக்கும் வெற்றி இல்லை.